லேப்டாப்ப மாத்தணுமா, இல்ல உள்ள ஒரு பார்ட்ட மாத்தினா போதுமா?

2023 மே மாசம்னு ஞாபகம், சித்தப்பா போன் பண்ணினாரு. "டேய், நல்ல லேப்டாப்பா ஒண்ணு பாத்து சொல்லுடா, 60 ஆயிரம் வரைக்கும் போகலாம், இது இனிமே தாங்காது. காலைல ஆன் பண்ணிட்டு பல்லு விளக்கி காபி குடிச்சிட்டு வந்தா கூட வட்டம் சுத்திட்டே இருக்கு." அவரு ஜிஎஸ்டி ஃபைலிங், இன்கம் டேக்ஸ் ரிட்டர்ன் எல்லாம் பண்ணிக் குடுக்கறவர், டேலி, எக்ஸெல், க்ரோம் இந்த மூணுதான் அவரு நாள் பூரா தொறந்து வச்சிருப்பாரு. லேப்டாப் 2018ல வாங்கினது, ஐ5 8250யூ, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

ஞாயித்துக்கிழமை போனேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும் இல்லையா, அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்த தொறந்து வச்சுட்டு, "நீங்க எப்பவும் பண்ற மாதிரி பண்ணுங்க சித்தப்பா"ன்னு சொல்லி பக்கத்துல உக்காந்துட்டேன். டிஸ்க் 100 பர்சென்ட், அப்படியே கோடு மேல ஒட்டிக்கிட்டு இருக்கு. சிபியு 9 பர்சென்ட். அதாவது 60 ஆயிரம் குடுத்து எத மாத்தணும்னு நினைச்சாரோ அந்த ப்ராசஸர் சும்மா உக்காந்திருக்கு, ஹார்ட் டிஸ்க் மட்டும் மூச்சு வாங்குது. 500 ஜிபி எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாம சிப்புலயே சேமிக்கற டிஸ்க்) 2,800 ரூபா, 8 ஜிபி ராம் 1,700 ரூபா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வந்து நானே போட்டேன். 4,500ல முடிஞ்சுது. அதே லேப்டாப்லதான் இன்னும் ஃபைலிங் பண்றாரு, மிச்ச காசுல சித்தி வாஷிங் மெஷின் வாங்கிட்டாங்க.

இந்த கதைய நான் சொல்லாத ஆள் கிடையாது. அதனாலதான் அதே வருஷம் மாட்டினேன். அத்தை பையன் ஒருத்தன் கல்யாண வீடியோ எடிட் பண்றவன், அவனும் "மாமா, லேப்டாப் ரொம்ப திக்குது, மாத்தட்டுமா"ன்னு கேட்டான், நான் பெரிய டாக்டர் மாதிரி பாக்காமலே "ராம் போடு போதும்"னுட்டேன். 16 ஜிபி போட்டான். ஒரு மாத்தமும் இல்ல. டைம்லைன்ல ஸ்பேஸ் பார் தட்டினா மாப்பிள்ளை தாலி கட்டற சீன் ஃபோட்டோ ஃபோட்டோவா நகருது. அவனுக்கு நிஜமாவே புது லேப்டாப்தான் வேண்டியிருந்துச்சு, ஏன்னு கீழ சொல்றேன். ரெண்டு பேரு வச்சிருந்ததும் 8வது ஜெனரேஷன் ஐ5தான், கிட்டத்தட்ட ஒரே வயசுதான், ஆனா ஒருத்தருக்கு மாத்தத் தேவையில்ல, ஒருத்தனுக்கு மாத்தியே ஆகணும். அதனால "என் லேப்டாப்புக்கு அஞ்சு வருஷம் ஆச்சு, மாத்தலாமா"ன்னு கேட்டா எனக்கு பதில் தெரியாது, எங்க காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு சொன்னா தெரியும்.

மொதல்ல ஒரு வாரம் கணக்கு எழுதுங்க

பால் கணக்கு எழுதற மாதிரிதான், ஒரு துண்டு பேப்பர கீபோர்டு பக்கத்துல வைங்க. எப்பெல்லாம் காத்திருக்கீங்களோ அப்ப எழுதுங்க, என்ன பண்ணும்போது, எவ்ளோ நேரம்னு. "ஆன் ஆக 4 நிமிஷம்", "எக்ஸெல் தொறக்க 1 நிமிஷம்", "மீட்டிங்ல வீடியோ ஆன் பண்ணா ஃபேன் கத்துது, குரல் விட்டு விட்டு போகுது", "சார்ஜர் புடுங்கினா 20 நிமிஷம்தான்". ஒரு வாரம் கழிச்சு பாத்தீங்கன்னா ஒண்ணு ரெண்டு வரிதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். சில பேருக்கு அந்த பேப்பர் பாதி காலியாவே இருக்கும், அவங்களுக்கு லேப்டாப்ல ஒண்ணும் இல்ல, ஆஃபர் விளம்பரம் பாத்து வந்த ஆசைதான் (ஆசைப்பட்டு வாங்கறது தப்பில்ல, ஸ்லோவா இருக்குன்னு வீட்டுல பொய் சொல்லாம வாங்குங்க, அவ்ளோதான்).

இன்டர்நெட்டையும் கொஞ்சம் சந்தேகப்படுங்க. வெப்சைட் மட்டும் லேட்டா வருது, கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைல் எல்லாம் டக்குனு தொறக்குதுன்னா அது வைஃபை பிரச்சனை. ஜிஎஸ்டி போர்ட்டல் கடைசி நாளான 20ஆம் தேதி திக்கறதுக்கு உலகத்துல எந்த லேப்டாப்பும் மருந்து கிடையாது.

டாஸ்க் மேனேஜர்ல என்ன பாக்கணும்

ஆன் பண்ணின உடனே பாக்காதீங்க, அப்டேட்டும் ஆன்டிவைரஸும் ஓடிக்கிட்டு இருக்கும், எல்லாமே 100ன்னுதான் காட்டும். ஒரு 15 நிமிஷம் விட்டுட்டு, உங்க வழக்கமான வேலையெல்லாம் தொறந்து வச்சுட்டு பாருங்க.

டிஸ்க்தான் மொதல். அதுல ஹெச்டிடின்னு (ஹார்ட் டிஸ்க்தான்) போட்டிருந்து, நீங்க காத்திருக்கும்போதெல்லாம் 100 பர்சென்ட் தொட்டுச்சுன்னா வேற எதையும் பாக்க வேண்டாம், எஸ்எஸ்டி போடுங்க. சுத்தற ஹார்ட் டிஸ்க் ஒரு செகண்டுக்கு சுமார் 100 சின்ன சின்ன ரீடுதான் பண்ண முடியும், ஏன்னா ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்த ஊசி நகர்ந்து போகணும், தட்டு சுத்தி வரணும். எஸ்எஸ்டி அதையே பல ஆயிரக்கணக்குல பண்ணும். விண்டோஸ் ஆன் ஆகறதுங்கறதே ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல படிக்கறதுதான். ரேஷன் கடைல ஒரே ஆளு பில்லும் போட்டு, உள்ள போய் அரிசியும் அளந்து குடுத்தா க்யூ எப்படி நிக்கும், அந்த கதைதான் ஹார்ட் டிஸ்க்ல விண்டோஸ் ஓட்டறது. எஸ்எஸ்டில சாட்டா, என்விஎம்இன்னு ரெண்டு வகை, சாதாரண சாட்டா கூட செகண்டுக்கு 500 எம்பிக்கு மேல போகும், என்விஎம்இன்னா அதவிட பல மடங்கு, ஆனா ஹார்ட் டிஸ்க்லேருந்து வர்றவங்களுக்கு ரெண்டுக்கும் நடுவுல பெரிசா வித்தியாசம் தெரியாது. உங்க லேப்டாப்ல எது மாட்டுமோ அத போடுங்க.

ரெண்டாவது மெமரி. வேலை பண்ணும்போது 85, 90 பர்சென்ட்ல நிக்குதா, ஒரு டேப்லேருந்து இன்னொரு டேப்புக்கு போனா அது திரும்ப லோடு ஆகுதா, அப்ப ராம் பத்தல. விண்டோஸ் 11 சும்மா நிக்கறதுக்கே 3லேருந்து 4 ஜிபி எடுத்துக்கும், அதனால 4 ஜிபி லேப்டாப்ல ஸ்லோன்னு சொல்றவங்கள நான் குறையே சொல்ல மாட்டேன். அதே மெமரி பக்கத்துல கீழ "ஸ்லாட்ஸ் யூஸ்டு"ன்னு ஒரு வரி இருக்கும், 1 ஆஃப் 2ன்னு இருந்தா ஒரு இடம் காலியா இருக்குன்னு அர்த்தம், சந்தோஷப்படலாம். ஃபார்ம் ஃபேக்டர்னு இருக்கற இடத்துல "ரோ ஆஃப் சிப்ஸ்"னு போட்டிருந்தா ராம் போர்டுலயே சால்டர் பண்ணிட்டாங்க, காலி ஸ்லாட்டும் இல்லன்னா அத ஒண்ணும் பண்ண முடியாது. 4 ஜிபி சால்டர் பண்ணி, வேற ஸ்லாட்டும் இல்லாத லேப்டாப்புக்கு ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க, அதுதான் நிஜமா மாத்த வேண்டிய கேஸ்.

ராம்ல டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5ன்னு வகை இருக்கு, ஒண்ணு இடத்துல இன்னொண்ணு மாட்டாது, வெட்டு இருக்கற இடமே வேற. பழைய ராம கழட்டி கைல எடுத்துட்டு கடைக்கு போறதுதான் ஈஸி. ஏற்கனவே 4 இருக்கு, 8 போட்டா பிரச்சனை வருமான்னு கேப்பாங்க, பெரும்பாலும் வராது, 12 ஜிபியா ஓடும், சித்தப்பாவோடது அப்படித்தான் ஓடுது.

மூணாவதுதான் சிபியு. இதுல பர்சென்டேஜ மட்டும் பாக்காம கீழ இருக்கற ஸ்பீடையும் பாக்கணும். நீங்க காத்திருக்கற நேரம் பூரா 100 பர்சென்ட், ஸ்பீடும் பேஸ் ஸ்பீடுக்கு மேல ஓடுதுன்னா, பாவம் அது முடிஞ்ச வரைக்கும் ஓடுது, உங்க வேலைக்கு அந்த சிப் பத்தல. அதுக்கு பார்ட் மாத்தற வைத்தியம் கிடையாது, லேப்டாப்ல ப்ராசஸர் மாத்த முடியாது, புதுசுதான். ஆனா ஸ்பீடு பேஸ் ஸ்பீடுக்கு கீழ விழுந்து 0.7, 0.8 ஜிகாஹெர்ட்ஸ்ல தேயுதுன்னா கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணு சூடு, இல்லன்னா சார்ஜர். சில லேப்டாப்புங்க சார்ஜர் பின் நடுவுல ஒரு மெல்லிசு ஊசி வழியா "இது நம்ம சார்ஜர்தானா"ன்னு கேட்டுக்கும். அந்த ஊசி வளைஞ்சாலோ, டூப்ளிகேட் சார்ஜர் போட்டாலோ, பேட்டரியும் ஏறாது, ஸ்பீடையும் குறைச்சுக்கும். இது தெரியாம லேப்டாப்பே போச்சுன்னு எடைக்கு போட பாத்த ஆளு எங்க ஆஃபீஸ்லயே இருக்காரு, 1,500 ரூபா சார்ஜர்ல சரியாச்சு.

பின்பக்கம் தொறக்கறது

பயமா இருந்தா தெரிஞ்ச சர்வீஸ் கடைல குடுங்க, கிளீனிங், பேஸ்ட் (ப்ராசஸர் சூட்ட கடத்தற பசை) எல்லாம் சேத்து சில நூறு ரூபாதான் கேப்பாங்க. நீங்களே பண்றதா இருந்தா, மொதல்ல முக்கியமான ஃபைல் எல்லாத்தையும் வேற எங்கயாவது காப்பி எடுங்க. ஷட்டவுன் பண்ணி சார்ஜர் புடுங்கிட்டு, கீழ நியூஸ் பேப்பர் விரிச்சு, பக்கத்துல ஒரு இட்லி தட்டு வச்சுக்கோங்க. காமெடி இல்ல, சீரியஸாத்தான் சொல்றேன். லேப்டாப் ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் கிடையாது, நீளமான ஸ்க்ரூவ குட்டை இடத்துல போட்டு முடுக்கினா மேல டச்பேட் பக்கம் குத்திட்டு வரும். எந்த மூலைல கழட்டினீங்களோ அந்த வரிசையில இட்லி குழியில ஒவ்வொண்ணா போட்டுட்டே வந்தா திரும்ப மாட்டும்போது குழப்பமே வராது. ரப்பர் கால் அடியில ஒளிஞ்சிருக்கற ஸ்க்ரூவ மறந்துடாதீங்க. மூடி வரலன்னு ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பாம பழைய ஏடிஎம் கார்டால ஓரமா தள்ளிட்டே வாங்க, டக்கு டக்குனு கிளிப் விடும்.

உள்ள போனதும் மொதல் வேலை பேட்டரி கனெக்டர கழட்டறது. அப்புறம் ஃபேன பாருங்க. சித்தப்பா லேப்டாப்ல ஃபேனுக்கும் அந்த செம்பு தகடுக்கும் நடுவுல சாம்பல் கலர்ல ஒரு பட்டை, தலைகாணி உறை மாதிரி மெத்துனு, விரலால எடுத்தா ஒரே துண்டா உரிஞ்சு வந்துச்சு. அஞ்சு வருஷத்து தூசி. காத்து போக வழியே இல்லாம ஃபேன் மட்டும் கத்திக்கிட்டே இருந்திருக்கு. பிரஷ் வச்சு எடுத்துட்டு, ப்ராசஸர் மேல காஞ்சு போன பேஸ்ட்ட துடைச்சுட்டு புதுசு வச்சா, மீட்டிங்ல திக்கற பிரச்சனை பாதி பேருக்கு அங்கயே முடிஞ்சிடும்.

எஸ்எஸ்டி போட்டா பழைய விண்டோஸ அப்படியே குளோன் பண்ணலாம், ஆனா எனக்கு புதுசா இன்ஸ்டால் பண்றதுதான் புடிக்கும், இத்தன வருஷ குப்பைய புது வீட்டுக்கும் தூக்கிட்டு போவானேன்.

டச்பேட் மேல தூக்கிட்டு இருக்கு, மூடி சரியா மூட மாட்டேங்குதுன்னா மட்டும் விளையாடாதீங்க, பேட்டரி உப்பியிருக்கு. அன்னிக்கே யூஸ் பண்றத நிறுத்துங்க, சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, அமுக்கி மூடாதீங்க, சர்வீஸ்ல குடுத்து மாத்துங்க. உப்பல, ஆனா சீக்கிரம் இறங்குதுன்னா ஒரு கணக்கு எடுக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், ஒட்டினாப்ல பேட்டரிரிப்போர்ட்னு (powercfg /batteryreport) டைப் பண்ணி என்டர் தட்டினா ஒரு ரிப்போர்ட் ஃபைல் வரும். அதுல டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு நம்பர் இருக்கும், 40,000க்கு 18,000ன்னு காட்டினா பாதிக்கு மேல போயிடுச்சு. பேட்டரி மாத்தறதுக்கு பெரும்பாலும் 3, 4 ஆயிரம்தான், அதுக்காக லேப்டாப்ப மாத்தறது டயர் தேஞ்சதுக்கு பைக்க விக்கற மாதிரி.

விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சே, அதுக்கு?

இப்ப எல்லா கடைக்காரரும் இத சொல்லித்தான் பயமுறுத்தறாங்க. விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. லேப்டாப் அன்னிக்கே நின்னு போகாது, ஆனா செக்யூரிட்டி அப்டேட் வராது. வீட்டு யூசர்களுக்கு இஎஸ்யூன்னு 2026 அக்டோபர் 13 வரைக்கும் ஒரு வருஷம் நீட்டிப்பு குடுத்தாங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ் பேக்கப் ஆன் பண்ணினா காசு இல்லாமலே கிடைக்கும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான ஒரு சிப்) வேணும், இன்டெல்னா பொதுவா 8வது ஜெனரேஷன் இல்ல அதுக்கு மேல இருக்கணும். ஐ5ன்னு பாக்காதீங்க, அதுக்கப்புறம் வர்ற நம்பர் எதுல ஆரம்பிக்குதுன்னு பாருங்க, 8250ன்னா 8வது, 7200ன்னா 7வது. ஏஎம்டி வச்சிருக்கறவங்க மைக்ரோசாஃப்டோட பிசி ஹெல்த் செக் ஆப்ப ஓட்டுங்க, அதுவே சொல்லிடும். சில சமயம் டிபிஎம் இருந்தும் பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கற செட்டிங்ஸ்) ஆஃப் ஆகியிருக்கும், இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு சோர்ந்துடாம பயாஸ்ல போய் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இந்த 7க்கும் 8க்கும் நடுவுல இருக்கற கோடு மைக்ரோசாஃப்ட் போட்டது மட்டுமில்ல. 2017ல வந்த 8வது ஜென் யூ சீரிஸ்லதான் இன்டெல் லேப்டாப் ஐ5ல 2 கோர்லேருந்து (கோர்னா ப்ராசஸருக்குள்ள தனியா வேலை செய்யற பகுதி) 4 கோர் ஆக்கினாங்க. ஐ5 7200யூ 2 கோர், ஐ5 8250யூ 4 கோர். அதனால ரெண்டும் பக்கத்து பக்கத்து வருஷமா இருந்தாலும் 8250யூ வச்சிருக்கறவருக்கு எஸ்எஸ்டியும் ராமும் போடுங்கன்னு தைரியமா சொல்லுவேன், 7200யூ வச்சிருக்கறவர் மெயின் லேப்டாப்பா ஆஃபீஸ் வேலைக்கு யூஸ் பண்றாருன்னா மாத்துங்கன்னுதான் சொல்லுவேன். வீட்டுல யூட்யூபும் மெயிலும்தான்னா விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மிண்ட்ங்கற இலவச ஓஎஸ்ஸ போட்டு குடுங்க, இன்னும் நாலு வருஷம் ஓடும். டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன்னு இருக்கறவங்க லினக்ஸ் பக்கம் போய் தலைய பிச்சுக்காதீங்க.

நிஜமாவே மாத்த வேண்டிய இடம்

அத்தை பையன் கதைக்கு வரேன். அவன் கேமரா 10 பிட் 4:2:2 ஹெச்இவிசில ரெக்கார்டு பண்ணுது, அதாவது கலர் விவரம் நிறைய வச்சு, நல்லா இறுக்கி சுருக்கற வீடியோ ஃபார்மட். அத ப்ளே பண்றதுக்கு சிப்புக்குள்ளயே தனியா ஒரு டிகோடர் வேணும், இல்லன்னா மொத்த பாரமும் சிபியு மேல விழும். அவனோட 8வது ஜென்ல 10 பிட் ஹெச்இவிசிக்கு டிகோடர் இருக்கு, ஆனா 4:2:2க்கு கிடையாது. இன்டெல் 11வது ஜென்லேருந்து பொதுவா அது இருக்கு. இதுல கொடுமை என்னன்னா, என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கற கேமிங் லேப்டாப் வாங்கினா எல்லாம் சரியாயிடும்னு நினைப்போம், ஆனா 2025ல வந்த 50 சீரிஸுக்கு முன்னாடி வந்த என்விடியா கார்டுல 4:2:2 டிகோடர் கிடையாது. அதனால அந்த கார்ட மட்டும் நம்பின ஒரு லட்சம் ரூபா லேப்டாப் திக்கும், பக்கத்துல 60 ஆயிரம் ரூபா இன்டெல் லேப்டாப் வெண்ணெய் மாதிரி ஓடும். இத நான் அப்ப படிச்சிருந்தா அவனுக்கு ராம் காசாவது மிச்சமாயிருக்கும். ரெண்டு மாசம் ப்ராக்ஸி பண்ணி ஓட்டினான், அதாவது எல்லா கிளிப்பையும் சின்ன சைஸ்ல மாத்தி வச்சு எடிட் பண்றது, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ராத்திரி பூரா கன்வெர்ட் ஆகும். தை முகூர்த்தம் ஆரம்பிக்கறதுக்குள்ள புதுசு வாங்கிட்டான். அவனுக்கு அது ஆடம்பரமே கிடையாது, நாலு கல்யாண ஆர்டர்ல காசு திரும்ப வந்துடுச்சு.

இது மாதிரி உங்க தொழிலுக்கு எது தேவைன்னு குறிப்பா பாருங்க. கோடிங் பண்றவங்களுக்கு ராமும் கோரும், ஆட்டோகேட் 3டி பண்றவங்களுக்கு கிராஃபிக்ஸ், போட்டோ வேலைக்கு ஸ்க்ரீன்.

வேற எப்ப மாத்தலாம்? மதர்போர்டு ஒரு தடவ செத்து சிப் லெவல் சர்வீஸ் பண்ணி, திரும்பவும் மக்கர் பண்ணுதுன்னா அதோட விட்டுடுங்க, மூணாவது தடவ குடுக்கற காசு ஆத்துல போட்டதுதான். ஹிஞ்ச் உடைஞ்சு பாடியும் பிளந்து, பேட்டரியும் போயி, ராமும் பத்தலன்னா ஒவ்வொண்ணும் சின்ன செலவாத்தான் தெரியும், கூட்டி பாருங்க. நான் வச்சிருக்கற கணக்கு இது: சரி பண்ற மொத்த செலவு, அதவிட நல்ல ஒரு ரீஃபர்பிஷ்டு (பழச சரி பண்ணி விக்கற) லேப்டாப் விலைல மூணுல ஒரு பங்க தாண்டினா சரி பண்ண மாட்டேன். ஒரு நல்ல ஆஃபீஸ் யூஸ்டு லேப்டாப் 24,000ன்னா, 8,000க்கு மேல பழசுல போட மாட்டேன். சட்டம் ஒண்ணும் இல்ல, என் கைக்கு வந்த கணக்கு.

புதுசோட செலவையும் மாசக்கணக்கா பிரிச்சு பாருங்க. 55,000 ரூபா லேப்டாப் அஞ்சு வருஷம் ஓடினா மாசம் சுமார் 920 ரூபா. அந்த துண்டு பேப்பர்ல ஒரு நாளைக்கு 20 நிமிஷம் காத்திருக்கேன்னு வந்துச்சுன்னா மாசம் 25 நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல, அதாவது ஒரு முழு வேலை நாள். உங்க ஒரு நாள் சம்பாத்தியம் 920க்கு மேலயா கீழயா, அதுதான் கேள்வி. ஆனா அந்த 20 நிமிஷத்துல 18 நிமிஷம் எஸ்எஸ்டி போட்டாலே போயிடும்னா மிச்சம் ரெண்டு நிமிஷத்துக்கா 55,000? சொந்தமா ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் வச்சிருக்கறவங்க பில்லுல உங்க ஜிஎஸ்டி நம்பர போட சொல்லுங்க, லேப்டாப்புக்கு 18 பர்சென்ட், தொழிலுக்கு வாங்கினா பொதுவா இன்புட் கிரெடிட் எடுக்கலாம், பாதி பேரு அத மறந்துடறாங்க.

இன்னொரு விஷயம், மேல சொன்ன 4,500 ரூபா 2023 கணக்கு. 2025 கடைசியிலேருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரி சிப்ப மொத்தமா அள்ளிட்டு போறதால ராம் விலை எகிறிடுச்சு, எஸ்எஸ்டியும் ஏறிடுச்சு, மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பர்ல க்ரூஷியல் பிராண்ட் ராம், எஸ்எஸ்டி விக்கறதையே நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. அதனால கடைல இன்னிக்கு விலை கேட்டுட்டு கணக்கு போடுங்க. வீட்டுல வேலை செய்யாத பழைய லேப்டாப் கிடந்தா அத தூக்கி போடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற ராம கழட்டிக்கோங்க, இப்ப அது தங்கம். புது லேப்டாப்புங்களும் இதனாலயே விலை ஏறுது.

சரி, வாங்கியே ஆகணும்னா

புதுசுன்னா வேகம்னு நினைக்காதீங்க, நான் அப்படித்தான் ஏமாந்தேன். ஆஃபர்ல ஒண்ணு வாங்கினேன், பிராண்ட் பேரு வேண்டாம், வீட்டுக்கு வந்து பழசையும் புதுசையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாத்தா புதுசோட ஸ்க்ரீன் வெளுத்து போய் இருக்கு, மதியம் ஜன்னல் பக்கம் உக்காந்தா எக்ஸெல் கட்டமே தெரியல. ஸ்பெக் ஷீட்டுல 45 பர்சென்ட் என்டிஎஸ்சின்னு (கலர் கம்மியா காட்டற ஸ்க்ரீன்னு அர்த்தம்) சின்னதா போட்டிருந்துச்சு, நான் ப்ராசஸர் பேர மட்டும் பாத்தேன். 8 ஜிபி ராம், சால்டர் பண்ணது, ஏத்தவும் முடியாது. இப்ப யாராவது கேட்டா மொதல்ல ஸ்க்ரீன் பத்திதான் சொல்றேன்: ஐபிஎஸ் (சைடுலேருந்து பாத்தாலும் கலர் மாறாத ஸ்க்ரீன் வகை) இருக்கணும், வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தா நல்லது, கலர் வேலை பண்றவங்க 100 பர்சென்ட் எஸ்ஆர்ஜிபி (கலர் அளவுதான்) இல்லாம வாங்காதீங்க.

ப்ராசஸர் பேர்ல வேற பெரிய குழப்பம். ஏஎம்டி ரைசன் 7000 லேப்டாப் சீரிஸ்ல மொத நம்பர் வந்த வருஷத்த சொல்லுது, மூணாவது நம்பர்தான் உள்ள எந்த தலைமுறைன்னு சொல்லுது. 7520யூன்னா மூணாவது 2, அதாவது ஜென் 2 (இது ஜெனரேஷன் இல்ல, Zen, ஏஎம்டி டிசைனோட பேரு), 4 கோர். 7530யூன்னா ஜென் 3, 6 கோர். ஒரு நம்பர் தள்ளித்தான் இருக்கு, உள்ள ஒரு தலைமுறை வித்தியாசம். இன்டெல்ல ஐ3, ஐ5ங்கற பேர மட்டும் வச்சு பாக்காதீங்க, 2022ல வந்த ஐ3 1215யூ நம்ம பழைய ஐ5 8250யூவ ஈஸியா தாண்டிடும். கடைசில யூன்னு இருந்தா பேட்டரி நிக்கும், ஹெச்னு இருந்தா வேகம் வரும், சூடும் வரும். காபைலட் பிளஸ், என்பியு (ஏஐ வேலைக்கான தனி பகுதி), ஏஐ பிசின்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கறதுக்காக கூட பத்தாயிரம் குடுக்காதீங்க, நம்ம பண்ற வேலைல அதுக்கு இப்போதைக்கு பெரிசா வேலையே இல்ல. அந்த காச ராம்ல போடுங்க, 16 ஜிபிக்கு கீழ இனிமே வாங்காதீங்க.

ரீஃபர்பிஷ்டு எடுக்கறதுல எனக்கு தயக்கமே கிடையாது, ஐடி கம்பெனிங்க மூணு நாலு வருஷத்துல கழிச்சு விடற திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் கீபோர்டும் பாடியும் புது பட்ஜெட் லேப்டாப்ப விட கெட்டியா இருக்கும். கடைலயே உக்காந்து பேட்டரி ரிப்போர்ட் எடுங்க, கீபோர்டுல எல்லா கீயையும் தட்டுங்க, எல்லா போர்ட்லயும் பென் டிரைவ் சொருகுங்க, பயாஸ் உள்ள போய் பாஸ்வேர்டு கேக்குதான்னு பாருங்க. கேட்டுச்சுன்னா "அப்புறம் எடுத்து குடுக்கறேன் பாஸ்"னு சொல்லுவாங்க, நம்பாதீங்க, அடுத்த கடைக்கு நடங்க, மவுண்ட் ரோடு பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட் ஒரு தெருவுல கடைக்கா பஞ்சம். பழைய மேக்புக் பாக்கறவங்க இன்டெல் சிப் போட்டத தொடாதீங்க, 2025ல வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குக்கு கடைசி வெர்ஷன்னு ஆப்பிளே சொல்லிட்டாங்க, ஆப்பிளோட சொந்த சிப்பான எம்1 எடுங்க.

பழச விக்கறதா இருந்தா மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டிலிருந்து எடுத்துட்டு, ரீசெட்ல போய் எல்லாத்தையும் அழி, டிரைவையும் கிளீன் பண்ணுன்னு குடுத்துட்டு விடிய விடிய விட்டுடுங்க. இல்ல எஸ்எஸ்டி மட்டும் மாத்தினீங்கன்னா கழட்டின ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்குங்க, 300, 400 ரூபாதான். சித்தப்பா அந்த 1 டிபி டிஸ்க்க அப்படித்தான் வச்சிருக்காரு, ஒவ்வொரு மார்ச்சும் முடிஞ்சதும் டேலி டேட்டாவ அதுல காப்பி பண்ணி, மஞ்சப்பைல சுத்தி, சித்தி பட்டுப்புடவைக்கு அடியில வச்சு பீரோவ பூட்டிடறாரு.